அதிபர் போட்ட கையெழுத்து எதுவரை செல்லும்? (நிர்வாக ஆணை, விதி, ஆள், பணம்)

16 நவம்பர் 2025, சந்தேகப்பிள்ளை

அமெரிக்க அதிபர் நினைத்தால் ஒரே கையெழுத்தில் ஒரு துறையை மூடலாம், யாரை வேண்டுமானாலும் வீட்டுக்கு அனுப்பலாம், ஒதுக்கிய பணத்தையும் நிறுத்தலாம். இந்த வருடம் கல்வித்துறைக்கு நடந்ததைப் பார்த்தோமே. அப்புறம் எதற்கு அதிகாரப் பிரிவினை, கடிவாளம் என்று பாடம் நடத்துகிறார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

16 நவம்பர், கெஜட்வாசி

மூன்றையும் ஒரே மூட்டையில் கட்டாதீர்கள். துறை, ஆள், பணம் மூன்றுக்கும் தனித்தனிச் சட்டம், தனித்தனிக் கெடு, தனித்தனி நீதிமன்ற வழி.

கல்வித்துறையை உருவாக்கியது 1979-ல் கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம். அதைக் கலைக்க இன்னொரு சட்டம் வேண்டும். அதற்கு செனட்டில் விவாதத்தை முடிக்கவே 60 வாக்கு தேவை. 2025 மார்ச் 20-ல் வந்த ஆணை 14242-ஐ எடுத்துப் படியுங்கள். துறையை மூடினேன் என்று அதில் எங்கேயும் இல்லை. சட்டம் அனுமதிக்கும் அளவுக்கு, மூடுவதற்கு வேண்டிய நடவடிக்கைகளை எடுக்கும்படி துறைச் செயலருக்குச் சொல்கிறது, அவ்வளவுதான்.

நிர்வாக ஆணையை எப்போதும் வாலிலிருந்து படிக்க வேண்டும். கடைசிப் பிரிவில் மூன்று வாக்கியங்கள் ஏறக்குறைய மாறாமல் இருக்கும்: நடப்பிலுள்ள சட்டத்துக்கு உட்பட்டே நிறைவேற்ற வேண்டும், காங்கிரஸ் ஒதுக்கிய பணம் இருந்தால்தான் செய்ய வேண்டும், இதைக் காட்டி யாரும் அரசு மீது வழக்குப் போட உரிமை பிறக்காது. அடுத்து முதல் பத்திக்கு வாருங்கள். எந்தச் சட்டப்பிரிவின் கீழ் ஆணை பிறப்பிக்கிறார் என்று அங்கே இருக்கும். ஒரு குறிப்பிட்ட சட்டத்தின் பிரிவு எண் இருந்தால் ஆணைக்குப் பல் இருக்கலாம். "அரசமைப்பும் சட்டங்களும் எனக்கு அளித்த அதிகாரத்தால்" என்று மட்டும் இருந்தால் பெரும்பாலும் அது கீழே இருப்பவர்களுக்கு மேலதிகாரி கொடுத்த வேலைப் பட்டியல்.

16 நவம்பர், மூலைக்கடை

அப்போ நம்ம ஊர் அவசரச் சட்டம் மாதிரிதானே?

16 நவம்பர், கெஜட்வாசி

இல்லை. இந்திய அரசமைப்பின் 123-வது பிரிவில் வரும் அவசரச் சட்டம் நாடாளுமன்றச் சட்டத்துக்குச் சமம். நாடாளுமன்றம் மறுபடி கூடி ஆறு வாரம் வரை உயிரோடு இருக்கும், இருக்கிற சட்டத்தையே மாற்றும். அமெரிக்க அதிபருக்கு அந்த அதிகாரம் கிடையாது. ட்ரூமன் 1952 ஏப்ரலில் ஆணை 10340 போட்டு உருக்காலைகளை எடுத்துக்கொண்டார். கொரியப் போர் நடக்கிறது, தொழிலாளர் வேலைநிறுத்தம் வருகிறது என்று காரணம் சொன்னார். இரண்டு மாதம் முடிவதற்குள், ஜூன் 2-ல், உச்ச நீதிமன்றம் 6-3 என்று அடித்துவிட்டது. அந்த வழக்கில் நீதிபதி ஜாக்சன் தனியாக எழுதிய கருத்துதான் இன்றைக்கும் அளவுகோல்: காங்கிரஸ் சம்மதத்தோடு செய்தால் அதிகாரம் உச்சம், காங்கிரஸ் வாய் திறக்காத இடம் அந்தி, காங்கிரஸ் விருப்பத்துக்கு மாறாகச் செய்தால் அடிமட்டம்.

17 நவம்பர், நாலாம்விசா

இதெல்லாம் சரி. எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். எச்-1பி வேலை விசாவுக்கு 1,00,000 டாலர் என்று செப்டம்பரில் ஒரே ராத்திரியில் வந்ததே, அது எப்படி? எச்-1பி-காரரின் கணவன் அல்லது மனைவிக்குக் கிடைக்கும் எச்-4 வேலை அனுமதியையும் அப்படி ஒரே ராத்திரியில் எடுத்துவிட முடியுமா?

17 நவம்பர், கெஜட்வாசி

நல்ல கேள்வி. இரண்டும் இரண்டு கருவி.

1,00,000 டாலர் வந்தது பிரகடனம் வழியாக. கையெழுத்து செப்டம்பர் 19, நடைமுறை செப்டம்பர் 21 நள்ளிரவு 12.01. ஆதாரம் குடிவரவுச் சட்டத்தின் 212(எஃப்): நாட்டின் நலனுக்குக் கேடு என்று அதிபர் கண்டால், எந்த வகை வெளிநாட்டவரின் நுழைவையும் நிறுத்திவைக்கலாம். காங்கிரஸ் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த அதிகாரம் இது. 2018-ல் பயணத் தடை வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை 5-4 என்று மிக அகலமாக வாசித்தது. அதனால்தான் அந்த வேகம்.

ஆனால் பிரிவு பேசுவது "நுழைவு" பற்றி. அதன் விளைவு ஒரு மாதத்தில் தெரிந்தது. அக்டோபர் 20-ல் குடிவரவுச் சேவை தந்த விளக்கத்தின்படி, நாட்டுக்குள்ளேயே மாணவர் விசாவிலிருந்து எச்-1பி-க்கு நிலை மாற்றம் கேட்பவருக்கு அந்தப் பணம் இல்லை. வெளியே இருந்து புதிதாக வருபவருக்குத்தான். பிரகடனத்துக்கு ஆயுள் 12 மாதம், நீட்டிக்கலாம்.

எச்-4 வேலை அனுமதி வேறு ஜாதி. அது 2015-ல் முறைப்படி வந்த விதி: பிப்ரவரி 25-ல் வெளியாகி மே 26-ல் அமலுக்கு வந்தது. அப்படி வந்த விதியை எடுக்கவும் அதே பாதையில்தான் திரும்பி நடக்க வேண்டும். 1946-ன் நிர்வாக நடைமுறைச் சட்டம் அதைத்தான் கேட்கிறது. முன்வரைவு எழுதி, வெள்ளை மாளிகை பட்ஜெட் அலுவலகத்தின் ஒழுங்குமுறைப் பிரிவுக்கு (ஒய்ரா என்பார்கள்) அனுப்ப வேண்டும். அங்கே 90 நாள், நீட்டிப்பும் உண்டு. பிறகு ஃபெடரல் ரிஜிஸ்டரில் (அமெரிக்க அரசிதழ்) வெளியிட்டு பொதுமக்கள் கருத்துக்கு 30 அல்லது 60 நாள். வந்த முக்கியமான ஆட்சேபங்களுக்கெல்லாம் பதில் எழுதி இறுதி விதி. மறுபடி ஒய்ரா. வெளியான பிறகு குறைந்தது 30 நாள் கழித்து அமல். பெரிய விதி என்றால் 60.

ட்ரம்ப்பின் முதல் ஆட்சி எச்-4 அனுமதியை நீக்கப்போவதாக 2017 கடைசியில் திட்டப்பட்டியலில் போட்டது. முன்வரைவு ஒய்ராவுக்குப் போனது 2019 பிப்ரவரியில். அங்கேயே கிடந்தது. 2021 ஜனவரியில் பைடன் ஆட்சி வந்த கையோடு திரும்பப் பெற்றது. நான்கு வருடத்தில் முன்வரைவுகூட ரிஜிஸ்டரில் அச்சாகவில்லை.

17 நவம்பர், மூலைக்கடை

கையெழுத்துக்கு இரண்டு நாள், விதிக்கு நாலு வருடம். அரசாங்கம்னா அரசாங்கம்தான்.

18 நவம்பர், பழையகோப்பு

கெஜட்வாசி சொன்னதில் ஒரு பெரிய ஓட்டை. நடைமுறைச் சட்டத்துக்கு அதிபர் கட்டுப்பட்டவரே அல்ல. 1992-ல் மாசச்சூசெட்ஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது: அந்தச் சட்டத்தின் கண்ணில் அதிபர் "முகமை" அல்ல. அதனால் அதிபரின் ஆணையை அந்தச் சட்டத்தின் கீழ் நேராகக் கேள்வி கேட்க முடியாது. ஆணையைக் கையில் வைத்துக்கொண்டு செயலர் என்ன செய்தாரோ, அதன்மீதுதான் வழக்கு. குடிவரவு வழக்குகளில் எதிர்மனுதாரராகத் துறைச் செயலர்களின் பெயர் ஓடுவதற்கு இது ஒரு காரணம்.

வேகமாகப் போனால் என்ன ஆகும் என்பதற்கு எச்-1பி-யிலேயே இரண்டு உதாரணம் இருக்கிறது.

2020 அக்டோபர் 8-ல் தொழிலாளர் துறை சம்பள மட்டங்களை உயர்த்தி, கருத்துக் கேட்காமல் அன்றே அமலாக்கியது. தொற்றுக்கால வேலையின்மை என்று அவசரக் காரணம் சொன்னது. டிசம்பர் 1-ல் கலிஃபோர்னியா நீதிமன்றம் ரத்து செய்தது. மார்ச்சில் வந்த நெருக்கடிக்கு அக்டோபரில் அவசரம் என்றால் எப்படி என்று கேட்டது நீதிமன்றம்.

அடுத்து, குலுக்கலுக்குப் பதிலாகச் சம்பள வரிசைப்படி எச்-1பி தேர்வு என்ற விதி. 2021 ஜனவரி 8-ல் வெளியானது. இதற்குக் கருத்துக்கேட்பெல்லாம் நடந்திருந்தது. ஆனாலும் செப்டம்பரில் விழுந்தது. ஏன் தெரியுமா? விதியை வெளியிட்ட உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் பொறுப்புச் செயலர் சட்டப்படி அந்த நாற்காலிக்கு வந்தவர் அல்ல என்று நீதிமன்றம் கண்டது. விதியின் உள்ளடக்கத்துக்குள் போகவே வேண்டியிருக்கவில்லை.

18 நவம்பர், கெஜட்வாசி

ஆம், அதிபர் முகமை அல்ல என்பதை முதலிலேயே வைத்திருக்க வேண்டும். மேலே உள்ளதை அதோடு சேர்த்துப் படிக்கவும்.

பொறுப்புப் பதவி விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. 1998-ன் காலியிடச் சட்டப்படி மூன்று வகையினரே பொறுப்பில் இருக்கலாம்: அந்தப் பதவிக்கு நேர் கீழே உள்ள முதல் துணை, செனட் ஒப்புதல் பெற்று வேறு இடத்தில் இருப்பவர், அதே முகமையில் பதவி காலியாவதற்கு முந்தைய 365 நாளில் 90 நாளாவது உயர் சம்பளப் படியில் வேலை பார்த்த அதிகாரி. கெடு 210 நாள். ஆட்சி மாறும்போது 300. கெடு தாண்டியவர், அந்தப் பதவிக்கு மட்டுமே உரிய வேலையைச் செய்தால் அது செல்லாது, பின்னால் வருபவர் கையெழுத்துப் போட்டும் காப்பாற்ற முடியாது. விதி ஒன்று கைக்கு வந்தால் உள்ளே படிப்பதற்கு முன் கையெழுத்திட்டவர் பெயரையும் பதவியேற்ற தேதியையும் பார்ப்பது வக்கீல்களின் பழக்கம்.

இந்த வருடம் அதே சம்பள வரிசை யோசனையை மறுபடி எடுத்திருக்கிறார்கள். செப்டம்பர் 24-ல் முன்வரைவு, 30 நாள் கருத்துக்கேட்பு. பிரகடனம் வந்து ஐந்தே நாளில். அவசரமானதைப் பிரகடனத்திலும் நிலைக்க வேண்டியதை விதியிலும் போடக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

19 நவம்பர், மூலைக்கடை

ஆணை எழுத ஏதாவது ஃபார்ம் உண்டா, இல்லை வெள்ளைத்தாளா?

19 நவம்பர், பழையகோப்பு

சிரிக்காதீர்கள், உண்டு. கென்னடி 1962-ல் போட்ட ஆணை 11030. தாள் ஏறக்குறைய 8 அங்குலம் அகலம், 13 அங்குலம் நீளம். இடது ஓரம் ஒன்றரை அங்குலம், வலது ஓரம் ஓர் அங்குலம். இரட்டை இடைவெளி. ஏழு நகல்களோடு பட்ஜெட் அலுவலக இயக்குநருக்கு, அங்கிருந்து அரசுத் தலைமை வழக்கறிஞருக்கு, அங்கிருந்து ஃபெடரல் ரிஜிஸ்டர் அலுவலகத்துக்கு, அப்புறம்தான் அதிபர் மேசைக்கு. நடைமுறையில் வெள்ளை மாளிகையிலேயே எழுதி, நீதித்துறையின் சட்ட ஆலோசனை அலுவலகம் ஒரு பார்வை பார்த்து அனுப்புவதும் உண்டு. இந்த வரிசையைத் தாண்டிவிட்டார் என்பதற்காக நீதிமன்றம் ஆணையை ரத்து செய்யாது. அது அதிபர் தனக்கே போட்டுக்கொண்ட ஒழுங்கு.

20 நவம்பர், கெஜட்வாசி

கல்வித்துறையில் புதுச் செய்தி. 18-ம் தேதி ஆறு உடன்படிக்கைகள் அறிவித்திருக்கிறார்கள்; பல திட்டங்களின் அன்றாட வேலை தொழிலாளர், உள்விவகாரம், சுகாதாரம், வெளியுறவு ஆகிய நான்கு துறைகளுக்குப் போகிறது. துறையின் பலகை இருக்கும், பெயரளவில் பொறுப்பும் இருக்கும், கோப்பு மட்டும் பக்கத்து அலுவலகத்தில் நகரும். ஒரு முகமை இன்னொரு முகமைக்குக் காசு கொடுத்து வேலை வாங்கலாம் என்பது 1932-லிருந்து இருக்கிற ஏற்பாடு. அச்சகத்துக்கும் வாகனத்துக்கும் பயன்பட்ட வழியில் இப்போது முழுத் திட்டங்களே போகின்றன. சட்டம் குறிப்பிட்ட ஓர் அலுவலகத்தின் பெயர் சொல்லி ஒப்படைத்த வேலையை இப்படி அனுப்பலாமா என்பதுதான் வழக்காகும்.

21 நவம்பர், சந்தேகப்பிள்ளை

கெஜட்வாசி சார், நான் கேட்டதற்குப் பதில் இன்னும் வரவில்லை. துறையை மூட முடியாது என்றீர்கள். ஆள் பாதி போய்விட்டதே?

21 நவம்பர், கெஜட்வாசி

போய்விட்டது. 4,133 பேர் இருந்த துறை 2,183 பேருக்கு இறங்கியது. இன்னொன்றையும் கவனியுங்கள்: ஆட்குறைப்பு அறிவிப்பு மார்ச் 11. ஆணை மார்ச் 20. ஒன்பது நாள் முன்னாலேயே வேலை நடந்துவிட்டது. நாம் இங்கே காகிதத்தை ஆராய்ந்துகொண்டிருக்கிறோம்.

நிரந்தர ஊழியர் ஒருவரை நீக்கும் வழி இது. நடத்தைக் குற்றமென்றால் 30 நாள் முன்னறிவிப்பு, குற்றச்சாட்டும் ஆதாரமும் எழுத்தில், பதில் சொல்லக் குறைந்தது 7 நாள், எழுத்தில் முடிவு, பிறகு 30 நாளுக்குள் தகுதிமுறைப் பாதுகாப்பு வாரியத்தில் மேல்முறையீடு. தண்டனை அளவு சரியா என்று பார்க்க 12 காரணிகள் உண்டு, 1981-ன் டக்ளஸ் வழக்கிலிருந்து வந்தவை. நிர்வாகம் வழக்கமாகத் தோற்பது எங்கே என்றால், நோட்டீசில் சொல்லாத ஒரு பழைய புகாரை முடிவெடுக்கிறவர் மனதில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடும்போது.

ஆட்குறைப்புக்கு, அவர்கள் பேச்சில் ரிஃப், வேறு கணக்கு. யார் மேலும் குற்றம் சொல்ல வேண்டாம். 60 நாள் முன்னறிவிப்பு. யார் இருப்பது, யார் போவது என்று நான்கு அளவுகோலில் பதிவேடு எழுத வேண்டும்: பணி நிலை, முன்னாள் படைவீரர் முன்னுரிமை, பணிக்காலம், செயல்திறன் மதிப்பீடு. மேலே உள்ளவர் கீழே உள்ளவரை நகர்த்தி அந்த இடத்தில் உட்காரலாம். இதனால் உண்மையான ரிஃப் ஒன்று மாதக்கணக்கில் இழுக்கும். சுருக்கு வழி: போட்டிக்குரிய வட்டத்தைச் சின்னதாக வரைவது. ஒரே பிரிவை ஒரு வட்டமாக்கி அந்தப் பிரிவையே ஒழித்தால் ஒப்பிட ஆளே மிஞ்சாது, பதிவேடும் வேண்டாம். பணிக்காலக் கணக்குத் தேதி தப்பாக இருப்பது இன்னொரு பொதுவான கோளாறு. நோட்டீஸ் வந்த அன்றே ஊழியர் தன் கோப்பில் பார்க்க வேண்டியது அதைத்தான்.

22 நவம்பர், பழையகோப்பு

சேர்க்க வேண்டியது: சேர்ந்து ஒரு வருடம் ஆகாதவருக்கு மேலே சொன்ன 30 நாள், 7 நாள் எதுவும் பொருந்தாது. பிப்ரவரியில் முதலில் கைவைத்தது அங்கேதான்.

இந்தியாவில் 311-வது பிரிவு அரசமைப்பிலேயே இருக்கிறது. அமெரிக்க ஊழியரின் பாதுகாப்பு 1883-ன் பெண்டில்டன் சட்டத்தில் தொடங்கி 1978-ன் சீர்திருத்தச் சட்டம்வரை வெறும் சட்டம்தான். பெண்டில்டன் வந்ததே, வேலை கிடைக்காத ஒருவன் 1881-ல் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்ட பிறகு. சட்டத்தில் ஒரு விலக்கு உண்டு: "கொள்கை வகுக்கும்" பதவிகளுக்குப் பாதுகாப்பு வேண்டாம் என்று அதிபர் முடிவு செய்யலாம். 2020 அக்டோபரில் ட்ரம்ப் உருவாக்கிய ஷெட்யூல் எஃப் என்ற பதவி வகை இந்த ஓட்டையில்தான் நுழைந்தது. பைடன் 2021-ல் நீக்கினார், 2024-ல் விதி போட்டு வேலியும் கட்டினார். 2025 ஜனவரி 20-ல் ஆணை 14171 மறுபடி உயிர் கொடுத்தது. ஏறக்குறைய 50,000 பதவிகள் இதில் வரும் என்பது அரசின் சொந்த மதிப்பீடு. இப்போது அதிபர் மாறினால் தானாக மாறும் அரசியல் பதவிகள் 4,000 அளவில்.

22 நவம்பர், கெஜட்வாசி

இரவெல்லாம் சந்தேகப்பிள்ளையின் கேள்வி உறுத்தியது. நான் எழுதிய கெடுக்களெல்லாம் சரி. ஆனால் கெடு மீறினால் பரிகாரம் எப்போது வரும் என்பதையும் சேர்த்துச் சொல்லாவிட்டால் அது பாதி உண்மை.

கல்வித்துறை ஆட்குறைப்பை பாஸ்டன் நீதிமன்றம் மே 22-ல் நிறுத்தியது. ஜூலை 14-ல் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை விலக்கியது; பெரும்பான்மை காரணம்கூட எழுதவில்லை. வழக்கு முடியவில்லை, ஆனால் ஆள் வெளியே.

தகுதிமுறை வாரியம் என்றேன். மூன்று உறுப்பினர் கொண்டது. 2017 ஜனவரி முதல் 2022 மார்ச் வரை தீர்ப்புச் சொல்லப் போதுமான உறுப்பினர் இல்லை. ஐந்து வருடத்துக்கு மேல். கீழ்நிலை நீதிபதிகள் தீர்ப்பு சொன்னார்கள், மேல்முறையீடுகள் மட்டும் ஏறக்குறைய 3,800 குவிந்தன. யாரையும் நியமிக்காமல் விடுவதே ஓர் அதிகாரம். அதற்கு ஆணை எண் கிடையாது, ரிஜிஸ்டரில் வராது.

எனவே சந்தேகப்பிள்ளை பக்கம் ஓரளவு சாய்கிறேன். விதியில் அதிபர் மெதுவாகத்தான் போக முடியும். ஆளில் வேகமாகப் போகலாம், கணக்கு பின்னால் பார்த்துக்கொள்ளலாம்.

22 நவம்பர், சந்தேகப்பிள்ளை

ஒத்துக்கொண்டதற்கு நன்றி. பணம்?

25 நவம்பர், பழையகோப்பு

பணத்தை நான் எடுத்துக்கொள்கிறேன்.

காங்கிரஸ் ஒதுக்கியதும் முகமை செலவழித்துவிட முடியாது. பட்ஜெட் அலுவலகம் அதைக் காலாண்டு வாரியாகவோ திட்ட வாரியாகவோ பகிர்ந்து தர வேண்டும். பகிர்வு அட்டவணையின் அடிக்குறிப்பில்தான் சூட்சுமம்: "இன்ன தேதி வரை இந்தத் தொகையைத் தொடக் கூடாது." 2019-ல் உக்ரைனுக்கான 25 கோடி டாலர் பாதுகாப்பு உதவி நின்றது இப்படி ஓர் அடிக்குறிப்பால்தான். காங்கிரசின் தணிக்கை அலுவலகம் 2020 ஜனவரியில் அது சட்டமீறல் என்றது. அதற்குள் பணம் விடுவிக்கப்பட்டு, அதிபர் மீது பதவிநீக்கக் குற்றச்சாட்டும் வந்துவிட்டது.

சட்டம் 1974-ன் நிறுத்திவைப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம், காங்கிரஸ் ஒதுக்கிய பணத்தை நிக்சன் பிடித்து வைத்து அடித்த கூத்தின் விளைவு. பணம் வேண்டாம் என்று அதிபர் நினைத்தால் காங்கிரசுக்கு எழுத வேண்டும். அவை தொடர்ந்து நடக்கும் கணக்கில் 45 நாள் வரை பிடித்து வைக்கலாம். அதற்குள் இரு அவையும் ரத்துச் சட்டம் இயற்றாவிட்டால் விடுவிக்க வேண்டும். ஜூலையில் சுமார் 900 கோடி டாலர் இப்படி முறையாகவே ரத்தானது.

ஓட்டை எங்கே? நிதியாண்டு செப்டம்பர் 30-ல் முடிகிறது. அதற்கு 45 நாளுக்குள் கடிதம் கொடுத்தால், காங்கிரஸ் ஒன்றும் செய்யாவிட்டாலும் பணம் காலாவதி. ஆகஸ்ட் கடைசியில் 490 கோடி டாலர் வெளிநாட்டு உதவிக்கு இதைத்தான் செய்தார்கள். 1977-க்குப் பிறகு முதல் முறை. தணிக்கை அலுவலகம் சட்டவிரோதம் என்கிறது. செப்டம்பர் 26-ல் உச்ச நீதிமன்றம், செலவிடச் சொன்ன கீழ் உத்தரவை நிறுத்தியது. நாலு நாளில் ஆண்டு முடிந்தது.

25 நவம்பர், மூலைக்கடை

கடைசி பெஞ்ச் பையன் மணி அடிக்கும் வரை பேப்பர் கொடுக்காம உட்கார்ந்த மாதிரி.

26 நவம்பர், கெஜட்வாசி

எதிர்ப்பக்கமும் ஒன்று நடந்தது. ஒதுக்கீட்டுச் சட்டம் நிறைவேறாமல் அரசு நின்ற 43 நாள் முடக்கத்தின்போது, அக்டோபரில் சுமார் 4,000 பேருக்கு ரிஃப் நோட்டீஸ் போனது. நவம்பர் 12-ல் முடக்கத்தை முடித்த சட்டத்திலேயே அந்த நோட்டீஸ்களை ரத்து செய்து, ஜனவரி 30 வரை புதிதாகப் போடக் கூடாது என்றும் காங்கிரஸ் எழுதிவிட்டது. ஒதுக்கீட்டுச் சட்டத்தில் நுழைக்கும் ஒரு வரி எத்தனையோ வழக்கை விட வேகம். அதை எழுத, 60-ஐத் தொட எதிரணியிலிருந்து எட்டு செனட் வாக்கு கிடைப்பதுதான் பாடு.

9 டிசம்பர், பழையகோப்பு

நேற்று உச்ச நீதிமன்றத்தில் ஸ்லாட்டர் வழக்கு வாதம் முடிந்தது. வணிக ஆணைய உறுப்பினரைக் காரணமில்லாமல் நீக்கலாமா என்பது. அப்படி நீக்க முடியாது என்ற 1935-ன் ஹம்ஃப்ரி தீர்ப்பு நிற்குமா என்பதே கேள்வி. கன்சர்வேட்டிவ் நீதிபதிகளின் கேள்விகள் அதிபர் பக்கமே சாய்ந்தன.

ஒரு வேடிக்கை. 1926-ல் அதிபருக்குச் சாதகமாக வந்த மையர்ஸ் வழக்கு, போர்ட்லண்ட் தபால் அதிகாரி ஒருவரின் சம்பள பாக்கி. தீர்ப்பு வருமுன் அவர் இறந்துவிட்டார், மனைவி நடத்தினார். அதிபருக்கு எதிராக வந்த ஹம்ஃப்ரி வழக்கும் சம்பள பாக்கிதான். அவரும் 1934-ல் இறந்துவிட்டார், உயில் நிர்வாகி நடத்தினார். வேலைக்குத் திரும்ப இருவருமே இல்லை.

9 டிசம்பர், நாலாம்விசா

என் கேள்வி தொங்குகிறது. எச்-4-ஐத் தொடப் போகிறார்கள் என்று முதலில் எங்கே தெரியும்? வாட்ஸ்அப்பில் தினம் ஒன்று வருகிறது.

10 டிசம்பர், கெஜட்வாசி

வாட்ஸ்அப்பை விடுங்கள். மூன்று இடம், இந்த வரிசையில்.

வருடத்துக்கு இருமுறை வரும் ஒழுங்குமுறைத் திட்டப்பட்டியல். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஓர் அடையாள எண் இருக்கும். 1615 என்று தொடங்கினால் குடிவரவுச் சேவையுடையது. பட்டியலில் போட்ட மாதத்தை நம்ப வேண்டாம், எண்ணை மட்டும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து ஒய்ராவின் பரிசீலனைப் பட்டியல். அந்த எண் அங்கே ஏறினால் முன்வரைவு எழுதி முடித்துவிட்டார்கள் என்று அர்த்தம். உங்கள் தரப்பைச் சொல்ல அப்போதே ஒய்ராவிடம் சந்திப்பு கேட்கலாம், பலருக்கு இது தெரியாது.

மூன்றாவது ஃபெடரல் ரிஜிஸ்டர், காலை 8.45-க்கு மறுநாள் இதழின் முன்பார்வை. "முன்மொழிந்த விதி" என்று இருந்தால் கருத்து எழுதுங்கள். ஒரே வாசகத்தை ஆயிரம் பேர் ஒட்டி அனுப்பினால் ஒரே ஆட்சேபமாகத்தான் எண்ணுவார்கள். உங்கள் வேலை, வரி, வீட்டுக் கடன், முதலாளிக்கு வரும் நஷ்டம் என்று எண்ணோடு எழுதினால் பதில் சொல்லாமல் தாண்ட முடியாது. தாண்டினால் பிறகு நீதிமன்றத்தில் அதுவே பிடி. "இடைக்கால இறுதி விதி" என்று இருந்தால் மட்டும் கவலைப்படுங்கள். அது பெரும்பாலும் அன்றைக்கே அமலாகும், உங்கள் அனுமதி அட்டையின் காலாவதித் தேதியை அன்றே எடுத்துப் பாருங்கள்.